பனி பார்க்கணும் என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. முப்பது வருடத்துக்கு மேல் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லோடு ஓட்டியவர். இப்போது திருப்பூரில் எங்களோடு இருக்கிறார். பீடியை விட்டு எட்டு வருடம் ஆகிறது. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் கார்த்திகையில் சளி முற்றி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்புறம் பரவாயில்லை. விரலில் மீட்டர் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதம் காட்டுகிறது. இந்தத் தை மாதம் ஊட்டிக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம். "ஒருக்கா பனியப் பாத்துட்டு வந்தரலாம் கண்ணு" என்கிறார். சென்னையில் இருக்கும் அண்ணனோ, "கூட்டிட்டுப் போய் ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்கிறார். என் கணவர் கார் ஓட்டுவார். போகலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொன்னால்கூடப் போதும் டாக்டர்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கும் ஆசைதான். 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரிக்கலாம். 'வேண்டாம்' சொன்ன டாக்டரை யாரும் வந்து சட்டையைப் பிடிப்பதில்லை. கோவையில் இருபத்தைந்து வருடமாக மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்கிறேன். அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதே சமயம் நான் குன்னூரில் வளர்ந்தவன். தை மாதப் பனியைப் பார்க்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் மனது அவர் பக்கம் சாய்ந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் அண்ணன் சொன்னது ஒரு பக்கம், அத்தை சொன்னது அரைப் பக்கம், பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னது நாலு வரி. அப்பா சொன்னது ஒரே வரி. எந்தப் பனி, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் பனி என்றுவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் புல் நுனியில் துளித்துளியாக நிற்பதும் பனி. குன்னூரில் மத்தியானம் மூன்று மணிக்கே எதிர் வீட்டை மறைத்துக்கொண்டு ஏறி வருகிற மஞ்சும் பனி. மார்கழி, தையில் ஊட்டிப் பள்ளங்களில் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாகப் படிவதும் பனி. முதலில் சொன்னதை மலையில் நீர்ப்பனி என்பார்கள், கடைசியில் சொன்னதை உறைபனி என்பார்கள். இத்தனை வருடம் அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர் தை மாதத்தைக் குறிப்பிட்டுக் கேட்கிறார் என்றால் உறைபனியைத்தான் சொல்கிறார். அவருக்கு மாதக் கணக்கு தப்பாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று கேட்டே வளர்ந்திருப்பார்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. உறைபனி எப்படி விழுகிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மேகம் இல்லாத, காற்றே அசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர்போல் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், பழைய ரேஸ்கோர்ஸ் மைதானம் என்று பள்ளமான இடமாகப் பார்த்துப் பனி வெளுக்கிறது. அதே ராத்திரி மேட்டில் இருக்கும் வீட்டு வாசல் பச்சையாகவே இருக்கும். கீழே கனத்த குளிர்காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று. பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஊரில் எரிகிற விறகுப் புகை, முதல் பஸ்களின் டீசல் புகை எதுவும் மேலே போக வழியில்லாமல் அந்த மூடிக்குக் கீழேயே நிற்கும். வெயில் ஏறி ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் மூடி திறக்கும். கெட்டுப்போன நுரையீரலுக்குக் குளிர்காற்று ஒரு இடி, புகை இன்னொரு இடி. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே பள்ளத்தில். உங்கள் அப்பா பார்க்க ஆசைப்படும் பனியும் அதே நேரத்தில்தான், அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. பத்து மணிக்கு அது வெறும் ஈரப் புல்.

ஆனால் அதே ஊட்டியில், அதே தை மாதத்தில் பகல் பன்னிரண்டு மணி எப்படி இருக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள். கழுவிவிட்ட மாதிரி நீல வானம், இருபது டிகிரியை ஒட்டிய வெயில், காற்றில் தூசி கிடையாது. திருப்பூரில் பஞ்சுத் தூசிக்கு நடுவே அவர் விடுகிற மூச்சைவிட அது ஒன்றும் மோசமில்லை, உயரத்தைத் தவிர. ஆகவே 'ஊட்டி போகலாமா' என்ற கேள்வியை நான் எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், எங்கே படுக்கிறார் என்று மூன்றாக உடைத்துக்கொள்கிறேன்.

உயரத்தை முதலில் பார்க்கலாம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கைக்குக் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. விமானம் பறக்கும்போது உள்ளே வைத்திருக்கிற காற்றழுத்தமும் கிட்டத்தட்ட இதே உயரத்துக்குச் சமமானதுதான். அதனால் 'இவர் விமானத்தில் போகலாமா' என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் பரிசோதனைகளே ஊட்டிக்கும் பொருந்தும். குன்னூர் 1,850 மீட்டர். அந்த நானூறு மீட்டர் வித்தியாசம் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. உங்கள் அப்பாவுக்கு அது தூக்கம் வருவதற்கும் வராததற்கும் நடுவே உள்ள தூரமாக இருக்கலாம்.

94 என்று எழுதியிருக்கிறீர்கள். 97 என்றிருந்தால் தைரியமாகப் பேசுவேன், 90 என்றிருந்தால் அண்ணன் பக்கம் சேர்ந்துகொள்வேன். 94 இரண்டிலும் சேராத எண். உட்கார்ந்த இடத்தில் எடுத்த அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. அவரைப் பார்க்கும் நெஞ்சக மருத்துவரிடம் ஊட்டி என்று சொல்லியே கூட்டிப் போங்கள். ஆறு நிமிடம் நடக்கவிட்டு ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். தேவைப்பட்டால் 15 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. மலையை அறைக்குள் கொண்டுவந்து பார்ப்பது மாதிரி. எல்லா ஊரிலும் அதற்கு வசதி இருக்காது, கோவை மாதிரி ஊரில் விசாரிக்கலாம். கடந்த ஆறு வாரத்துக்குள் மூச்சிரைப்பு அதிகமாகி மாத்திரை மாற்றியிருந்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்துகொண்டிருந்தாலோ இந்தப் பேச்சே வேண்டாம், அடுத்த தைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஃப்ளூ ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

அந்த விரல் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் அது நிறையப் பொய் சொல்லும். பொய் சொல்வது மீட்டர்கூட இல்லை, விரல். குளிரில் விரைத்துப்போன விரலுக்கு ரத்தம் சரியாக வராது. மீட்டர் 82 என்று காட்டும், வீடே அலறும். முதலில் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்க்கச் சொல்லுங்கள், அல்லது சூடான டீ டம்ளரை இரண்டு நிமிடம் கையில் பிடித்திருக்கட்டும். உட்கார்ந்து, பேசாமல், விரலை மேஜைமேல் வைத்து, எண் ஓடி ஓடி ஓர் இடத்தில் நிற்கும்வரை முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். நாடித் துடிப்பு எண்ணும் நிலையாக நிற்க வேண்டும். நகத்தில் மருதாணி இருந்தால் வேறு விரல். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவருடைய வழக்கமான எண் எது என்று தெரியாமல் மலையில் ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

இன்ஹேலருக்கும் குளிர் ஆகாது. காரின் டாஷ்போர்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த இன்ஹேலர் காலையில் சரியாகப் பீய்ச்சாது. சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ஒன்று அவரிடம், அதே மாதிரி இன்னொன்று உங்கள் பையில். இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரை மறக்க வேண்டாம். ஊட்டிக் கடைகளில் ஆக்சிஜன் என்று தகர டப்பாவில் விற்பதை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அதில் இருப்பது சில நிமிடத்துக்குக்கூடக் காணாது. முன்னெச்சரிக்கை என்று யாரிடமாவது சிலிண்டர் வாங்கி வந்து நீங்களே திறந்துவிடவும் கூடாது. இந்த நோயில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி மயக்கம் வந்துவிடும்.

சரி, பரிசோதனையில் டாக்டர் போகலாம் என்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் எப்படிப் போவேன் என்று சொல்கிறேன்.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, வார நாளில் கிளம்புவேன். அண்ணனுக்கு லீவு மார்கழியில்தான் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் கிழக்கே பார்த்தவை, வடகிழக்குப் பருவமழை முழுக்க அவற்றின்மேல்தான் இறங்கும், டிசம்பரிலும் மழை மிச்சமிருக்கும். 2009 நவம்பரில் அங்கே மண் சரிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் அடிவயிறு கலங்கும். தை பிறந்தால் ரோடு காய்ந்திருக்கும். இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு அது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது. பெரிய ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் எடுத்துப் போனால் இரண்டுக்கும் ஆச்சு.

விடியற்காலை கிளம்பும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விடுங்கள். ஒன்பது மணிக்குத் திருப்பூரை விட்டு, அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அப்பாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பின்சீட்டில் போர்வையைப் போர்த்தி மூட்டை மாதிரி வைத்தால் அவருக்கு இந்தப் பயணமே வேண்டாம் என்றாகிவிடும். கல்லாறு பாக்குத் தோப்புக்குள் ரோடு நுழைந்ததும் காற்று மாறும், அதை அவரே உங்களுக்குச் சொல்வார். அதைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும்போது, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார், உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று பாடம் நடத்துவார். கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்வது அத்தனையும் சரியாகத்தான் இருக்கும். பேசிக்கொண்டே வருகிற ஆள் திடீரென்று வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினால் மட்டும் வண்டியை ஓரங்கட்டுங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு துண்டுபடுவது எந்த மீட்டருக்கும் முன்னால் காட்டிக்கொடுக்கும்.

மலை ரயிலில் கூட்டிப் போகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின். அந்தப் பாதையில் அடுத்தடுத்துச் சுரங்கங்கள். சுரங்கத்துக்குள் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இவருக்கு வேண்டாம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின், அது ஒரு மணி நேரம்தான், மத்தியான வண்டி கிடைத்தால் தாராளமாகப் போகலாம். முப்பது வருடம் ரோட்டிலிருந்து பார்த்த கேத்திப் பள்ளத்தாக்கை ரயிலிலிருந்து பார்க்கட்டும்.

இரவு குன்னூரில் படுங்கள், ஊட்டியில் வேண்டாம். கோத்தகிரியும் நல்லதுதான். இரண்டும் ஊட்டியைவிடத் தாழ்வு, உறைபனியும் அங்கே அவ்வளவு கிடையாது. தூக்கத்தில் எல்லோருக்குமே ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கும், இவருக்கு இன்னும் அதிகம் இறங்கும்; அதனால் படுக்கும் உயரம்தான் முக்கியம், பகலில் சுற்றும் உயரம் அதற்கு அடுத்தது. தங்கும் இடம் பள்ளத்தில் இல்லாமல் சரிவில் இருக்கட்டும். கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பார், இருட்டில் தெரியாத படியில் கால் வைத்தால் நுரையீரலைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் வீண். 'குளிருக்கு ஒரு கட்டிங்' என்று பழைய சிநேகிதர் யாராவது வருவார். அது தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும், தூக்கத்தில் மூச்சையும் மந்தமாக்கும். சிநேகிதருக்கு டீ கொடுத்து அனுப்புங்கள்.

இப்போது நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டிய இடம். ஈரோட்டுப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதே நோய், இதே மாதிரி ஆசை. எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருந்தது, போய்வாருங்கள் என்று நானே அனுப்பினேன். உயரம் அவரை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி குளிர் தாங்காமல், தங்கியிருந்த இடத்தில் கேட்டு ஓர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வாங்கி, அறைக்குள் வைத்து, ஜன்னலை அடைத்துப் படுத்திருக்கிறார்கள். நடுராத்திரி பேத்திக்குத் தலைவலி, வாந்தி. அந்தப் பெண் கதவைத் திறந்ததால் மூன்று பேரும் பிழைத்தார்கள். ஆசிரியர் விரலில் மீட்டர் மாட்டிப் பார்த்தாராம், 98 காட்டியதாம். நிம்மதியாகத் திரும்பப் படுக்கப் போயிருக்கிறார்!

கரி எரிந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் மீட்டருக்கு அந்த ரத்தமும் நல்ல சிவப்பாகத்தான் தெரியும், அதனால் நல்ல எண்ணையே காட்டும். மலைக் குளிர்காலத்தில் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள்ளேயே இறந்துபோனார்கள் என்று பேப்பரில் படிக்கிறீர்களே, பல தடவை காரணம் இதுதான். கரிச்சட்டி, பார்பிக்யூ அடுப்பு, காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், காரை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவது, எதுவும் கூடாது. மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள். இல்லையென்றால் வெந்நீர்ப் பை, கம்பளிக் குல்லா, இரண்டு ரஜாய். இந்த ஒரு விஷயத்தில் அப்பா சொன்னாலும் கேட்காதீர்கள். லாரிக்காரர்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தது திறந்த வெளியில்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேல் ஊட்டிக்குப் போய், நான்கு மணிக்குள் குன்னூர் திரும்பிவிடுங்கள். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் இந்த மாதத்தில் ஒரு காட்சி உண்டு, அதிகம் பேர் கவனிக்க மாட்டார்கள். பனியில் கருகாமல் இருக்கச் சின்னச் செடிகளின்மேல் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து குல்லா மாதிரி கவிழ்த்து வைத்திருப்பார்கள். பாத்தி பாத்தியாகக் குல்லா போட்ட செடிகள். காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். பனி விழுந்த இலையை அதிலுள்ள தண்ணீர் உறைந்தே கெடுக்கிறது. அதன்மேல் சுள்ளென்று வெயில் அடித்தால் இன்னும் கருகிவிடும். போகிற வழியிலேயே தேயிலைச் சரிவின் அடிப்பகுதியில் மட்டும் பழுப்பாகக் கருகிய பட்டை தெரியும், மேலே பச்சையாக இருக்கும். குளிர்காற்று எந்த மட்டம் வரை தேங்கியது என்று அந்தக் கோடு காட்டிவிடும். பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். மண் கழன்று சிவப்பாகக் குவிந்து கிடக்கும் கேரட்டையும், பக்கத்தில் லோடுக்கு நிற்கும் லாரியையும் பார்த்து அவருக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பளிக் கழுத்துத் துணி வாயையும் மூக்கையும் மூடியிருக்கட்டும், உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாகும். டீயும் வர்க்கியும் சாப்பிடலாம். தைலம் வாங்கலாம், வீட்டுக்கு. நெஞ்சு நிறையத் தடவி ஆவி பிடிப்பது வேண்டாம், கடுமையான நெடியே சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

பனியைக் கடைசி நாளுக்கு வையுங்கள். இரண்டு இரவு குன்னூரில் நன்றாகத் தூங்கியிருந்தால் மட்டும். அன்று காலை எழுந்ததும் அளவு பாருங்கள். நான் என் நோயாளிகளுக்குப் போடுகிற கோடு 88. உங்கள் டாக்டர் வேறு எண் சொன்னால் அதுவே சரி. குன்னூரில் உட்கார்ந்த நிலையில், சூடான விரலில், அதற்குக் கீழே இருந்தால் வண்டி மேலே போகாது, கீழேதான் போகும். உயரத்தால் வருகிற கஷ்டத்துக்கு இறக்கத்தைப் போல மருந்து இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரத்துச் சொச்சம். இறங்கவும் முடியாத அளவுக்கு மூச்சு திணறினாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு குழறினாலோ 108. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறை எடுக்கும்போதே வழியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் நன்றாக இருந்தால் ஆறு மணிக்குக் கிளம்புங்கள். தலைக்குந்தா வரை போக வேண்டியதில்லை, ஊருக்குள்ளேயே ரேஸ்கோர்ஸ் பள்ளம் போதும். வழியில் இன்னும் நல்ல இடம் தெரியும் என்று அவர் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. காருக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும். கதவைத் திறப்பார். திறக்காமல் இருக்க மாட்டார். குல்லா, கழுத்துத் துணி, கையுறை எல்லாம் போட்டு, டாக்டர் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் முன்பே இன்ஹேலர் எடுத்து, இரண்டு நிமிடம் நிற்கட்டும். குனிந்து புல்லைத் தொடுவார், அதற்கும் சேர்த்துத்தான் இரண்டு நிமிடம். நடக்க வேண்டாம். அப்புறம் ஏறி உட்கார்ந்ததும் கோத்தகிரி வழியாக நேரே கீழே. பத்தரைக்கு மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிடலாம்.

அண்ணன் விஷயம். அவர் சொல்வதில் தப்பில்லை. சென்னையில் இருந்துகொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு போன் அடித்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தது திருப்பூரில், உங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து, ஒரு மலையும் ஏறாமல். இந்த நோய் உள்ளவருக்குக் குளிர்காலம் எங்கே இருந்தாலும் குளிர்காலம்தான். அதே சமயம், நான் சொன்ன அத்தனையும் செய்தும் ஏதாவது ஆகலாம். ஆகாது என்று எழுதித் தர என்னால் முடியாது. அப்படி ஆனால் அண்ணன் உங்களைக் கேட்பார், நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்வீர்கள். அதற்கு நான் மருந்து வைத்திருக்கவில்லை. ஒரு யோசனை மட்டும் உண்டு: இதை நீங்கள் ஒருத்தியாகத் தீர்மானிக்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீடியோ காலில் உட்கார வைத்து, அப்பாவையும் பக்கத்தில் வைத்து, இதையெல்லாம் அவரிடமே சொல்லுங்கள். மூச்சு மோசமாகலாம், ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வரலாம், திரும்பாமலும் போகலாம் என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். பாரம் ஏற்றி மலை இறக்கியவருக்கு ஆபத்தைப் பற்றி நாம் புதிதாக ஒன்றும் கற்றுத்தரப் போவதில்லை. அப்புறமும் போகணும் என்றால், 88-ஐச் சொல்லுங்கள். எடைமேடையில் பாரம் அதிகம் என்றால் வண்டி திரும்பியாக வேண்டும், அங்கே பேரம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். மலையடிவாரத்தில் வாதாட மாட்டேன் என்று கிளம்புவதற்கு முன்பே ஒப்புக்கொள்ள வையுங்கள். தினமும் காலை, மாலை அந்த எண்ணை அண்ணனுக்கு அனுப்புங்கள்; திரும்பு என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். கூடவே வந்துவிட்டால் இன்னும் நல்லது, உங்கள் கணவருக்கும் ஓட்ட மாற்றாள் கிடைக்கும். ஒருவேளை அப்பா, "அட, பனி கெடக்குது, நீங்க ரெண்டு பேரும் சேந்து கூட்டிட்டுப் போறதாத்தான் நெனச்சேன்" என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. அப்படியானால் குன்னூரோடு திரும்பிவிடலாம், வேலை பாதியாகக் குறையும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிட்டேன். மலை ஏறும் வழியில் பர்லியாரில் டீ குடிக்க நிறுத்துவீர்கள். காரின் கதவைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் இறங்காதீர்கள். அங்கே குரங்குகளுக்கு ஜிப் வைத்த பை என்றால் பிஸ்கட் பை. என்னிடம் வருகிற ஒருவருடைய இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஒன்று பலாமரத்தில் ஏறி, மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்து, அழுத்தி, தன் முகத்திலேயே பீய்ச்சிக்கொண்டு கீழே எறிந்ததாம். இன்ஹேலர் இரண்டாக இருக்கட்டும் என்று அதனாலும்தான் சொன்னேன்.